கப்பலைத் துடைத்தவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அச்சிலும் வந்துவிட்டது. [முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறாளே என்று மெச்சாதீர்கள். ஏற்கெனவே பிடிபட்டுவிட்டேன்.]

ஒரு மாத இதழில், புதிதாக வரும் மிகைபுனைவு, அறிவியல் புனைவு நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எனக்குக் கருத்து இருக்கிறது என்று நம்புகிறார்கள். பாதிக் கருத்து அம்மாவுடையது. அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறாள், படிக்கத் தெரியாது. மதியம் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், நான் படித்ததைக் கதையாகச் சொல்வேன்.

எழுநூறு பக்க டிராகன் நாவலைப் பற்றி 'அரசனின் குதிரைக்குப் பெயர் உண்டு, குதிரைக்காரனுக்கு இல்லை' என்று எழுதிப் பெயர் வாங்கினேன். குதிரைக்காரன் பெயர் என்ன என்று கேட்டது அம்மா.

2

'விண்மீன்களுக்கு நடுவே ஒரு பெருங்கப்பல்' —

வேண்டாம். இப்படித் தொடங்கும் நாவல்கள் நான்கை இந்த வருடம் திட்டியிருக்கிறேன்.

மறுபடியும். போன மாத நாவலில் நானூறு பேர், இருநூறு வருடப் பயணம். நான் ஆரம்பித்ததுமே அம்மா குறுக்கிட்டாள்.

"இருநூறு வருஷமா? யாருடி கூட்டிப் பெருக்கறா?"

"அதெல்லாம் கதையில வராதும்மா."

"நானூறு பேரு திங்கறான், குளிக்கறான், வாந்தி எடுக்கறான். அது மட்டும் வராதா? எழுதினவன் வீட்டுல வேற யாரோ செய்யறாங்க போல."

"இரு, வர்றா. ஒருத்தி வர்றா."

அவளை அங்கேயே சேர்த்தேன். ஏழாம் தளம், நீல வாளி, மூட்டு வலி. எஞ்சின் கோளாறை முதலில் கண்டவள் அவள். கசிந்த எண்ணெயை மூன்று நாள் துடைத்தாள். மூன்று நாளும் மேலே சொன்னாள்.

அம்மா கால் தேய்ப்பதை நிறுத்தினாள். "கேக்க மாட்டானுங்க," என்றாள்.

அடுத்தடுத்த மதியங்களிலும் அவளைப் பற்றியே கேட்டாள். நானும் சொல்லிச் சொல்லி, கடைசியில் மதிப்புரையில் எழுதினேன்: 'நாவலின் உயிர் அந்த ஏழாம் தளத்துப் பெண்.' எழுதும்போது அவள் புத்தகத்தில் இருப்பதாகவே நினைத்தேன். [நம்பாவிட்டால் போங்கள். இதழாசிரியரும் நம்பவில்லை.]

3

இன்று காலை இதழாசிரியர் கூப்பிட்டார்.

"ஏம்மா, அப்படி ஒரு பாத்திரமே இல்லன்னு நாவலாசிரியர் கடிதம் போட்டிருக்கார். படிச்சியா, அட்டையப் பாத்து எழுதினியா?"

"ரெண்டு தடவ படிச்சேன் சார்."

"அப்ப அவ எங்கேருந்து வந்தா? நாலு மணிக்குள்ள திருத்தம் அனுப்பு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வரைவுகள்:

'தவறுக்கு வருந்துகிறேன்.' (வருந்தவில்லை.)

'அவள் நாவலில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.' (திமிர் என்பார்கள். திமிர்தான்.)

'அந்தப் பெண்' —

அச்சில் வருமுன் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். அந்தக் காட்சியில் அம்மா சிரித்து மன்னிப்பதாக முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரு பொய் போதும்.

4

"நீயா சேத்த?"

"ஆமாம்மா."

"வேலை எடத்துல மூணு பேருக்குச் சொன்னேன்டி. நம்மாளு ஒருத்தி புஸ்தகத்துல வந்திருக்கான்னு."

அம்மா நீட்டியிருந்த காலை மடக்கினாள்.

"எனக்குன்னா மாத்திச் சொல்லுவியா? நான் என்ன பச்சப்புள்ளயா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் இதழில் எழுதுவதே அந்தக் குரலில்தான்.

"புஸ்தகத்த எடு. அவன் எழுதினத மட்டும் வாசி. ஒரு வார்த்த கூட்டாத."

வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் கப்பல் தலைவன் பளபளக்கும் நடைபாதையில் நடந்து வருகிறான்.

"நிறுத்து. பளபளன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"தொடச்சது யாரு?"

"போடலம்மா."

"அங்க ஒரு கோடு போடு. மேல வாசி."

5

நான்கு மணிக்குப் பதினோராம் பக்கத்தில் இருந்தோம். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்கள். அம்மாவுக்கு நிறுத்தும் எண்ணமில்லை. நான் அனுப்பிய திருத்தம் கீழே. இதழாசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. போடுவாரா என்று எனக்குத் தெரியாது. புத்தகம் கடையில் கிடைக்கிறது. மீதியை நீங்கள் எழுதுங்கள்.

'திருத்தம்: ஏழாம் தளத்துப் பெண் இந்த நாவலில் இல்லை. அவள் இல்லாத இடங்கள்: பக்கம் 2, 4, 4, 5, 8, 9, 9, 10, 11,