நாலு பக்கமும் புலிவரி

ரொவீனாவின் ஓக் மேசைக்கு முன்னால் வெண்டல் கிரீக் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒஹாயோவின் அந்த மாவட்டச் சந்தையில் மரவேலைப் போட்டிக்கு அவன்தான் நடுவர். ஒரு காலைத் தடவினான், மறுபக்கம் போய்த் தடவினான், பிறகு சிரித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் வெறுத்த சிரிப்பு அது.

"ரொவீனா, இது கெட்டி மரத்துக்கான போட்டி. மேல மெல்லிசா வெனீர்த் தாள் ஒட்டுனதுக்கெல்லாம் அந்தக் கடைசிக் கொட்டகை."

"எங்கடா இருக்கு வெனீர்?"

"காலப் பாரு. நாலு பக்கமும் புலிவரி! ஓக் கட்டையில ரெண்டு பக்கந்தான் வரி விழும், மத்த ரெண்டும் மொட்டையா இருக்கும். யாருக்குக் காது குத்துற?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புயலில் சாய்ந்த அவள் வீட்டு ஓக்கை மில்காரன் முழுக்க மெல்லிய பலகையாக அறுத்துத் தொலைத்திருந்தான். காலுக்குக் கனமான கட்டை கடையில் வாங்கிக்கொள் என்றார்கள். தன் மரத்து மேசைக்கு ஊரான் மரத்தில் காலா? ஒவ்வொரு காலுக்கும் வரி விழுந்த நான்கு பலகை எடுத்து, ஓரங்களைச் சரிவாக அறுத்து, வரிசையாகப் படுக்க வைத்து, முதுகில் டேப் ஒட்டி, பசை தடவி, வரி வெளியே தெரியும்படி பாய் சுருட்டுவதுபோலச் சதுரக் குழாயாகச் சுருட்டியிருந்தாள். மூலையில் மயிரிழை இடைவெளி தெரிந்த கால்களெல்லாம் அடுப்புக்குப் போயின. குளிர்காலம் முழுக்க அதே வேலை.

"நாலும் கெட்டிப் பலகை. மூலைக்கு மூலை சேத்திருக்கேன்."

"சேத்த கோடே தெரியலயே."

"தெரியக் கூடாதுன்னுதான் அவ்வளவு பாடுபட்டேன்!"

பக்கத்துப் பலகாரக் கடையிலிருந்து தோழி லவான் கத்தினாள்: "விடுடீ, அந்தக் கொட்டகையிலயும் பரிசு குடுக்கறாங்க."

"பரிசு கிடக்குது. என்னைப் பொய்க்காரிங்கறான், கேட்டுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

ரொவீனா மேசையைக் கவிழ்த்தாள். பக்கத்துக் கருவிக் கண்காட்சியில் தொங்கிய கைரம்பம் ஒன்றை உருவினாள். "எங்க அறுக்கணும், சொல்லு."

வெண்டல் விளையாட்டென்று நினைத்துவிட்டான். "நடுவுலதான். நுனியில நல்ல மரத்த அடைச்சு வச்சிருப்ப."

அவள் ஒரு காலை நடுவிலேயே அறுத்தாள். துண்டைத் தூக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். நடுவே ஓட்டை, சுற்றிலும் விரல் கனத்தில் நான்கு ஓக் பலகைகள், மூலைகளில் நான்கு மெல்லிய கோடுகள்.

வெண்டல் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "பலகைதான்," என்று முனகினான். உடனே குரல் தேறியது. "ஆனா மூணு காலோட இது நிக்காதே. நிக்காத மேசைக்கு எப்படி மார்க் போடறது?"

"போட்டி முடிஞ்சிருச்சா?"

"இல்ல, மத்தியானம் வரைக்கும் இருக்கு."

"அப்ப தள்ளி நில்லு."

அறுத்த துண்டையே அளவாக வைத்து அடுத்த காலில் கோடு கிழித்தாள். ரம்பம் இறங்க இறங்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்று கால்களையும் அறுத்து முடித்தாள். மேசையை நிமிர்த்தி வைத்தபோது அது வெண்டலின் முட்டி உயரம்கூட இல்லை.

நுழைவு அட்டையில் 'சாப்பாட்டு மேசை' என்பதை அடித்துவிட்டு 'காபி மேசை' என்று எழுதினாள். 'கெட்டி மரம்' என்பதை அப்படியே விட்டாள். லவானின் கடையிலிருந்து விளிம்பு தளும்பக் காபி வாங்கி வந்து, மேசை நடுவில் வைத்தாள்.

"இப்ப ஆட்டிப் பாரு, வெண்டல்."

அவன் ஆட்டினான். காபி சிந்தவில்லை.