கடவுளா, வேறொருவனா?

வெள்ளைப் படுக்கை விரிப்பின் இரு முனைகளை அவள் பற்றியிருந்தாள். மற்ற இரு முனைகள் ‘வானொலி’யின் கையில் இருந்தன. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது எப்போதும் இருவர் வேலை. இழுத்து உதறி, நடுவே சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைக் கைமாற்ற வேண்டும். அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். அதனாலேயே அங்கே அவளுக்கு ‘மடிப்பக்கா’ என்று பெயர். வாய் மூடாத தோழிக்கு வானொலி என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அன்று காலை இருவரும் நெருங்கி வந்த வேளையில், சூடான தேய்ப்புப் பலகையிலிருந்து எழுந்த சோப்பு வாடை மடிப்பக்காவின் தொண்டையில் வந்து அடைத்தது. விரிப்பை அப்படியே தரையில் விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். அந்தக் கூடத்தில் அவள் தரையில் போட்ட முதல் விரிப்பு அது.

திரும்பி வந்தபோது வானொலி இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்னக்கா, மசக்கையா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே சிரித்தாள். “உனக்குத்தான் எப்பவோ கடையைச் சாத்தியாச்சே! பித்தமா இருக்கும், போ.”

மடிப்பக்காவும் சிரித்தாள். ஆனால் உடம்புக்கு நினைவு உண்டு. இருமுறை சுமந்த உடம்பு, மூன்றாம் முறையை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே மெல்லத் தலையாட்டியது.

மருத்துவரிடம் மாமியாரும் கூட வந்தார். வயிற்றுப்புண்ணாகத்தான் இருக்கும், வேளைக்குச் சாப்பிடு என்றால் யார் கேட்கிறார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். சோதனை முடிந்து மருத்துவர் செய்தியைச் சொன்னதும், அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டார். மயக்கமோ என்று மருமகள் பதறிக் குனிந்தாள். அந்த முகத்தில் மயக்கமில்லை. அவர் தொழுதுகொண்டிருந்தார்.

மருத்துவர் ஓர் இளம்பெண். கிழவியை எழுப்பி வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். “குழாயை முடிச்சுப் போட்டுத்தான் விடறோம். எப்பவாவது ஒருத்தருக்கு உள்ளேயே திரும்ப வழி உண்டாகிடும். யார் தப்பும் இல்லம்மா. உங்களுக்கு இது வேணுமா, வேண்டாமா?”

வாழ்நாளில் அவளிடம் எவரும் கேட்டிராத கேள்வி. பெண் பார்த்தபோது கேட்கவில்லை. முதல் பிள்ளைக்குக் கேட்கவில்லை. அறுவைக்கு அழைத்துப் போனபோதும் கேட்கவில்லை. “வேண்டாம் டாக்டர்” என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

“சரி. வீட்டுக்காரர் சம்மதம்லாம் வேண்டாம், நீங்க சொன்னா போதும். ஆனா நாள் ஏறிக்கிட்டிருக்கு. நான் இங்க செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவேன். அடுத்த செவ்வாய், தப்பினா அதுக்கு அடுத்தது. அதோட சரி. அப்புறம் நீங்க கெஞ்சினாலும் என்னால ஆகாது.”

கதவைத் திறந்து வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் மாமியார் கைபேசியை வாயருகே வைத்துக் கூவிக்கொண்டிருந்தார். “ஆமாங்கய்யா, ஆபரேஷன் பண்ணினவதான்! நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேனே! பூட்டினதைத் திறந்துட்டான்யா ஆண்டவன்!” மறுமுனையில், அவர் வாரந்தோறும் போகும் வழிபாட்டு மன்றத்தை நடத்தும் அருளாளர். ஒரு கதவு சாத்தித் திறக்கும் நேரம். அதற்குள் அவளுடைய வயிறு அவளுடையதாக இல்லாமல் போயிற்று.

மாமியாரைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். அவர் கொடியவர் அல்லர். இளமையில் பிள்ளைமேல் பிள்ளையாகப் பெற்றுச் சலித்து, அடுத்ததைச் சுமக்க மாட்டாமல், பின்தெருக்காரி ஒருத்தியின் கருக்கலைப்புக் குச்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். கந்தல் கந்தலாக உதிரம் போய், சாவின் வாசலைத் தொட்டுத் திரும்பியவர். அதனால்தான் மருமகள் இரண்டாவது பெற்ற மறுநாளே, மகனைக் கேட்காமல், சுற்றத்தைக் கேட்காமல், “எனக்கு ஆனது உனக்கு ஆகக் கூடாதுடி” என்று அவளைக் கையோடு இழுத்துப்போய் அறுவை மேசையில் கிடத்தினார். ஒரு மேடைப் பேச்சும் கேட்டதில்லை, ஒரு துண்டறிக்கையும் படித்ததில்லை. தன் உதிரத்தில் தானே கற்ற பாடம் அது. பிறகு இளைய மகன் சாலை விபத்தில் போனான். ஆறுதல் தேடி மன்றத்துக்குப் போனார். பூட்டிய வயிறு இருக்கும் வீட்டைச் சாவு தேடி வரும் என்று அங்கே சொன்னார்கள். ஆறுதல் கேட்டுப் போனவருக்குக் குற்றத்தை அளந்து கொடுத்து அனுப்பினார்கள்! பின்தெருக் குச்சியும் அறுவை மேசையும் இரு கொலைகளாயின. வீட்டில் ஒவ்வொரு முறை விளக்கேற்றும்போதும், “நான் கொலைகாரி” என்று முணுமுணுக்கக் கற்றார்.

“எனக்கு வேண்டாம் அத்தை” என்று அன்று மாலையே மடிப்பக்கா சொல்லிப் பார்த்தாள்.

“எனக்கு வேணும்டி.” கிழவி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டார். “என்னை மன்னிச்சதுக்கு இதுதான்டி அடையாளம். நீ பெத்து என் மடியில போட்டுடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.” சொல்லிக்கொண்டே தண்ணீர்க் குவளையை எடுத்தார். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் மடியில் சிந்தியது. அதைக் கவனிக்கக்கூட இல்லை அவர்.

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். உயரமான கட்டடங்களின் குழிக்குள் கம்பிவடத்தில் தொங்கி வேலை செய்யும் அவனுக்குப் பள்ளம் பயமில்லை, பேச்சுதான் பயம். இரண்டு நாள் அவளை நேராகப் பார்க்காமல் உலவினான். மூன்றாம் நாள் காலை, காலணிக் கயிற்றைக் கட்டியபடி தரையைப் பார்த்துச் சொன்னான்: “வேலை இடத்துல ஒருத்தன் கேக்கறான், ‘நீதான் லிஃப்ட்டை நிறுத்தி வெச்சிருந்தியே, யாருப்பா மேலே ஏறினது’ன்னு. எல்லாப் பயலும் சிரிக்கறானுங்க.”

“நீங்களும் கேக்கறீங்களா?”

“சேச்சே. எனக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரிய வேணாமா?”

“டாக்டரைக் கேளுங்க. ஆபரேஷன் சில பேருக்குத் தவறிடுமாம்.”

“நான் கேப்பேன். அவனுங்க கேப்பானுங்களா? இப்பப் போய்க் கலைச்சேன்னு வை, ‘புருஷன் பிள்ளைன்னா எதுக்குய்யா கலைக்கணும்’னு சொல்லுவானுங்க. அம்மா சொல்றபடி ஆண்டவன் குடுத்ததாவே இருந்துட்டுப் போகட்டும். அப்ப எவனும் வாயைத் திறக்க முடியாது.” கயிற்றை இறுக்கி முடிச்சிட்டு எழுந்தான். “உனக்காகத்தான்மா சொல்றேன்.”

அவனும் பொய் சொல்லவில்லை, அவளுக்காகத்தான் சொன்னான். ஒரு பெண்ணின் வயிற்றுக்கு இந்த உலகம் இரண்டே விளக்கங்களை வைத்திருக்கிறது. ஒன்று கடவுள்; இல்லையென்றால் வேறொருவன். முதலாவதைக் கும்பிடும், இரண்டாவதைக் கல்லெறிந்து கொல்லும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது வெறும் உண்மை. அந்த உண்மைக்கு எந்த வீட்டிலும் ஒரு முக்காலியும் போடுவாரில்லை.

அவளுக்குள் மட்டும் இன்னோர் உண்மை இருந்தது. அதை வானொலியிடமும் சொன்னதில்லை. இழுத்துக்கொண்டு போய்ச் செய்த அறுவைதான். ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் கணவனை அச்சமின்றித் தொட்டாள். அதுவரை அவன் கை தன்மேல் பட்டாலே மனம் நாள்களைக் கூட்டிக் கழிக்கத் தொடங்கும். அந்தக் கணக்கு ஓய்ந்த பிறகு, தன் உடம்பில் தனக்கென்று ஓர் இன்பம் இருப்பதை வயது முப்பதை நெருங்கும்போது கண்டெடுத்தாள். கேலி பேசி, சிரித்து, விளக்கை அணைக்க மறந்து, இருவருமாகப் பழகிய உறவு அது. நரம்பு புடைத்த கால்களோடு நாளெல்லாம் நீராவியில் நிற்பவளுக்கு வீட்டில் எஞ்சியிருந்த ஒரே ஓய்வு. இப்போது அந்தப் படுக்கையின்மேல் ஒரு மன்றமே ஏறி உட்கார்ந்து ஆரவாரம் செய்கிறது.

இளையவன் பள்ளிப் பையன்; மூத்தவளான மகள் உதவுவாள் என்று நம்பினாள். கல்லூரியில் படிப்பவள், ‘என் உடல் என் உரிமை’ என்று பேசிப் பரிசு வாங்கியவள். “அம்மா, உனக்கு என்ன வேணுமோ அதைச் செய். உன் உரிமை” என்று மகள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “கூட வர்றியா?” என்றதும் அந்த முகம் சுருங்கிற்று. “எப்படிம்மா? இந்த வயசுல நீயும் அப்பாவும்… எனக்கு நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. என் ஃபிரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சா செத்தேன்.” உலகத்துப் பெண்கள் அனைவரின் உடலுக்கும் உரிமை கேட்ட பிள்ளை, பெற்றவளுக்கு உடல் இருப்பதைத் தாங்க மாட்டாமல் அறையைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாகவே போனாள். வானொலி அவள் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பின்வாசல் வழியே அனுப்பினாள். “போயிட்டு வாக்கா. நான் வாயே திறக்க மாட்டேன்” என்றாள், அவளைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதும் பெண் மடிப்பக்காவைக் கண்டதும் இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். அவள் மன்றத்து உறுப்பினர். “அற்புதம் நடந்த அம்மா நீங்கதானே!” என்று இரு கைகளையும் பற்றினாள். வரிசையில் நின்றவர்களுக்குச் சொன்னாள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ விசிறினார்கள். “எதுக்கு வந்தீங்கம்மா?” என்று கேட்டபோது எத்தனை கண்கள்! “சத்து மாத்திரைக்கு” என்றாள். பாதி திறந்த கதவுக்கு அப்பால் மருத்துவரின் தோள் தெரிந்தது. குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்திருக்கலாம். நிமிரவில்லை. ஓர் அட்டை இரும்புச்சத்து மாத்திரையும், வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு துணையுமாக அவள் திரும்பினாள்.

எஞ்சியது ஒரு செவ்வாய். இடையில் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதலில் மறுத்தவள், பிறகு ஒப்புக்கொண்டாள். மாமியார் மகிழ்ந்து புதுப்புடவை எடுத்துத் தந்தார். அவள் ஒப்புக்கொண்ட காரணம் வேறு. அற்புதமாக இருக்கும்வரை எந்த மருத்துவமனை வாசலையும் தாண்ட முடியாது. எல்லாருடைய முன்னிலையிலும் உண்மையைச் சொல்லி, வெறும் பெண்ணாக இறங்கி வந்துவிட்டால் போதும். ஏசட்டும், காறித் துப்பட்டும். செவ்வாய்க்கிழமை எவரும் நாற்காலி போட மாட்டார்களல்லவா? இரண்டு வாக்கியங்கள். துணி மடிக்கும்போது அவற்றை உதட்டுக்குள் சொல்லிப் பழகினாள். ஆபரேஷன் தவறிப் போச்சு. எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம்.

மன்றம் நிரம்பி வழிந்தது. தகரக் கூரையின் கீழ் விசிறிகள் வெம்மையைத்தான் சுழற்றின. முதல் வரிசையில் மாமியார். பக்கத்தில், தலை கவிழ்ந்து கணவன். அவனுடைய வேலைத்தோழர்கள் சிலரும் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருப்பார்கள். அருளாளர் அவள் தோளைத் தொடாமல் தொட்டு மேடையின் நடுவுக்கு அழைத்து வந்து, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். “பயப்படாம சொல்லும்மா. நடந்தது நடந்தபடி.”

அவள் மூச்சை இழுத்தாள். “ஆபரேஷன்…” என்றாள். கூடம் அடங்கியது. “டாக்டருங்க பண்ணின ஆபரேஷன் தவறிப் போச்சு.”

அவ்வளவுதான். அணை உடைந்தது போல் ஆரவாரம் எழுந்தது. மனிதன் போட்ட முடிச்சு தோற்றது, தோற்றது என்று அருளாளர் இரு கைகளையும் உயர்த்தி முழங்கினார். கூட்டம் திரும்பி முழங்கியது. முரசு அதிர்ந்தது. வேலைத்தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்து, மெல்லக் கைகுவித்தார்கள். கணவன் நிமிர்ந்தான், பல நாள்களுக்குப் பின் அவன் முகத்தில் நிம்மதி படர்வதை அவள் மேடையிலிருந்து கண்டாள். தன் உண்மையைத் தன் வாயாலேயே அவர்களுக்குத் தின்னக் கொடுத்துவிட்டோம் என்று விளங்கியது. இரண்டாம் வாக்கியத்தைத் தொடங்கினாள். “எனக்கு இந்தப் பிள்ளை…” உதடுகள் அசைந்தன. ஒலிவாங்கியை யாரோ பணிவோடு, மிகப் பணிவோடு, அவள் விரல்களிலிருந்து விடுவித்துக்கொண்டார்கள்.

பெண்கள் வரிசையாக மேடையேறத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியாக அவள் வயிற்றைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். ஈரக் கைகள், காய்த்த கைகள், வளையல் குலுங்கும் கைகள். நடுவே ஒருத்தி வந்தாள். இளையவள், எலும்புந்தோலுமாய் இருந்தாள், பிள்ளையில்லாதவளாம். தொட்டுவிட்டு நகராமல் அப்படியே மண்டியிட்டாள். மடிப்பக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் வயிற்றில் புதைத்து விம்மினாள். கண்ணீர் புதுப்புடவையைத் தாண்டித் தோலில் சுட்டது. மூச்சு முட்டியது மடிப்பக்காவுக்கு. அவளைப் பிடித்துத் தள்ளிவிடத்தான் வலக்கையை உயர்த்தினாள். அந்தக் கை கீழே இறங்கி, விம்மிக் குலுங்கும் அந்தத் தலைமேல் பட்டது. கூடமெங்கும் கைபேசிகள் உயர்ந்தன; நூறு சின்ன வெளிச்சங்களில் அவளுடைய கை, விரல்கள் விரிந்தபடி, ஆசி வழங்கும் கோலத்தில் அசையாமல் நின்றது.