பரிசோதித்தேன், சரி

1

இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். 2006இல், சிட்னியின் கெல்லிவில்லில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் மட்டன் ரோல்ஸுடன் கேதீஸ்வரன் சொன்னது. கணினியைத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரிந்தவன் நான். தொழில்நுட்பப் பிழைகள் எல்லாம் எனக்கே சொந்தம்.

முதல் தொடக்கம்: "சிட்னியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (பொய். அன்று நல்ல வெயில்.)

இரண்டாவது: கேதீஸ்வரன் ஒரு திறந்த மூல (யாரும் இலவசமாக எடுத்து ஓட்டக்கூடிய) மின்னஞ்சல் சேவையகத்தின் நிலையான பதிப்புகளைப் பராமரிப்பவர். சம்பளம் கிடையாது. புதிதாக எதையும் செய்வது அவர் வேலையல்ல. ஓடுவது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான். ஒரு பதிப்பு வெளிவர, மூன்று பேர் தத்தம் கணினியில் ஆறு மணி நேரச் சோதனையை முழுதாக ஓட்டிவிட்டு, எல்லோரும் படிக்கும் மடல் பட்டியலில் "பரிசோதித்தேன், சரி" என்று எழுத வேண்டும். அதுதான் வாக்கு.

2

கேதீஸ்வரனுடையது உட்பட மூன்று வாக்கும் விழுந்து, பதிப்பைத் தரவிறக்கத்துக்கு வைத்தாயிற்று. சனிக்கிழமை நண்பகலில் அறிவிப்பு. ஆனால் மனம் கேட்காமல் அன்று விடிந்ததும் கேதீஸ்வரன் ஓடவிட்ட சோதனை பதினொரு மணிக்குத் தோற்றது. டிஸ்க் நிரம்பினால், புதிய பதிப்பு கடிதம் கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அதைத் தொலைத்துவிடுகிறது.

மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் இருக்கும் இன்னொரு வாக்காளர் ரம்லாவுக்குப் போன் போட்டார்.

"டிஸ்க் நிரம்புற சோதனை உங்களுக்குப் பாஸ் ஆனதோ?"

"அண்ணன், நீங்க ஓடுது எண்டு சொன்னீங்கதானே. அதை நம்பி நான் ஓட்டாமலே போட்டன்," என்றாள் ரம்லா.

"ஓடினது. பாதியில மகள் லாப்டொப்பை மூடிப்போட்டாள்."

"அப்ப ஏன் சரி எண்டு போட்டீங்க?"

"நீங்க போட்டபடியால்."

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். அவர்கள் சிரிக்கவில்லை.)

3

இந்தப் பகுதியில் மூன்றாம் வாக்காளரான வெலிங்டன்காரரை வில்லனாக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். பாவம், அவர் உண்மையாகவே ஓட்டினார். அவர் கணினி அந்த ஒரு சோதனையை மட்டும் தவிர்த்துவிட்டது.

4

பதிப்பைத் திரும்பப் பெறுவது ஒரு நிமிட வேலை. உடனே செய்தார். அதற்குள் ஒன்பது பேர் இறக்கிவிட்டார்கள். அவர்களுக்காவது காரணம் எழுத வேண்டும்.

"என்ட பேரைப் போடாதீங்க அண்ணன்," என்றாள் ரம்லா. திங்கட்கிழமை அவளுக்கு நேர்முகத் தேர்வு. சான்றிதழாக அவள் காட்டப்போவது அந்த மடல் பட்டியலில் தான் எழுதியதைத்தான். வேலை இல்லாமல் ஏழு மாதம்.

5

முடிவு அ: "தொழில்நுட்பக் காரணம்" என்று எழுதுகிறார். ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பதிப்புக்கும் இப்படியே வாக்கு விழும்.

முடிவு ஆ: இரண்டு பேரையும் எழுதுகிறார். (இதை எழுத என் கை வரவில்லை.)

அவர் உண்மையில் எழுதியது: "என் வாக்கு பொய். நான் சோதனையை முடிக்கவில்லை. தவறு என்னுடையது."

பெருந்தன்மைதான். ஆனால் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வெலிங்டன்காரர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பட்டியலிலேயே கேட்டார்: "ரம்லா, உங்கள் கணினியில் இது எப்படித் தேறியது?"

அவள் என்ன பதில் போட்டாள் என்று கேட்டேன். "அதை நீங்கள் அவளிட்டத்தான் கேக்கவேணும்," என்று கேதீஸ்வரன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்த வேலையையும் கொடுக்க வேண்டும், அவளை உண்மையும் சொல்லவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. பதில் பெட்டி திறந்திருக்கிறது. இனி நீங்கள்தான் ரம்லா. யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. வெலிங்டன்காரர் இரண்டாம் முறை கேட்டுவிட்டார்.