பதினான்கேகால் வோல்ட்

அந்த மெக்கானிக்கின் பழைய பைக்கில் பேட்டரி அவன் மனைவியின் கோபத்தில்தான் ஏறியது. அவள் பின்னால் உட்கார்ந்து உள்ளுக்குள் கொதித்தால் ஹெட்லைட் பட்டப்பகலிலும் கண்ணைக் கூசவைக்கும். சாந்தமாக இருந்தால் மங்கிவிடும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டிக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவனுக்குத்தான் ஆரம்பத்தில் அவமானம் பிடுங்கித் தின்றது. சார்ஜ் ஏறாத வண்டி என்றால் எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். "மீட்டர்" என்றே அவனுக்குப் பெயர். மற்ற மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்றச் சொல்லும்போது, இவன் மட்டும் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் பேட்டரியில் வைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்குவான். முள் பன்னிரண்டரையிலிருந்து பதினான்குக்கு நகர்ந்தால் வண்டி நலம். நகராவிட்டால் ஃபியூஸ், எர்த் ஒயர், ரெக்டிஃபையர், மேக்னட் காயில் என்று வரிசையாகப் பார்த்துக் கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் முள்ளைப் பார்க்க வேண்டும் என்பது அவன் சட்டம். அப்பேர்ப்பட்டவனின் சொந்த வண்டியில் எல்லாம் சரியாக இருந்தும் முள் அசையவில்லை. இரண்டு வருஷம் தலைகீழாக நின்று பார்த்தான்.

தினமும் காலையில் மனைவியைத் தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவது வழக்கம். ஒரு நாள் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்று அவளைக் கரித்துக்கொட்டிவிட்டுக் கிளம்பினான். வழியிலுள்ள பாலத்தைத் தாண்டுவதற்குள் ஹார்ன் காதைக் கிழித்தது. மறுநாள் மீட்டரை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டான். சட்டப்படி ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் சொல்லிப் பார்த்தான். சமையலைக் குறை சொன்னால் பதின்மூன்று. அவள் அம்மாவை இழுத்தால் பதின்மூன்றரை. குழந்தை இல்லாததைச் சொன்னால் பதினான்கேகால். பதினைந்தைத் தாண்டினால் பேட்டரி கொதித்துவிடும் என்பதால் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவன் நல்லவன்.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. "பாலமே வந்தாச்சு, இன்னும் பதிமூணுதான் காட்டுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் அடுத்த சொல்லைத் தேடுவான். கோபமெல்லாம் வண்டிக்குப் போய்விடுவதால், கம்பெனி வாசலில் இறங்கும்போது அவள் முகம் துடைத்துவைத்ததுபோல இருக்கும். கூடத் தைப்பவர்கள், "கொடுத்துவச்சவங்கக்கா நீங்க, வீட்டுல ஒரு சண்டை சச்சரவு கிடையாது போல" என்பார்கள். அவளும் ஆமாம் என்றுவிட்டு ஊசியில் நூலைக் கோப்பாள்.

பன்னிரண்டாம் வருஷம் முள் இறங்க ஆரம்பித்தது. குழந்தைப் பேச்சுக்குப் பதின்மூன்றுதான் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. அவளுக்குத் தோல் தடித்துவிட்டது என்று அவன் நினைத்தான். செத்துப்போன அவள் அண்ணனைக்கூட விடவில்லை. ஒரு நாள் பாலத்தின் நடுவில் வண்டி விக்கியது. ஓரமாக நிறுத்தி, இன்ஜின் அணையாமல் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்தான்.

"கல்யாணமான புதுசுல ஸ்கூல்ல இருந்து உனக்கு டீச்சர் வேலைக்கு லெட்டர் வந்துச்சு. நான்தான் கிழிச்சுப் போட்டேன்."

பேட்டரி இன்றைக்கு வெடித்தே போகும் என்று எதிர்பார்த்தான். முள் பன்னிரண்டில் நின்றது.

"தெரியும்" என்றாள் அவள். "குப்பைக் கூடையில பார்த்தேன். எல்லாத் துண்டையும் ஒட்டி வச்சுப் படிச்சேன்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"ஒரு நாள் கேக்கணும்னு மனசுலயே வச்சிருந்தேன். இப்ப தேடினா இல்லீங்க. எல்லாம் தீர்ந்துபோச்சு."

அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. இத்தனை காலம் ஏதோ ஒன்று தீராமல் வந்துகொண்டே இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தான்.

"என்னை மன்னிச்சிடு" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல் அது.

"முள்ளைப் பார்த்துக்கிட்டே சொல்றீங்க" என்றாள்.

ஆமாம், முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையை நிமிர்த்துவதற்குள் அவள் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். இன்ஜின் அணைந்தது.

அதற்குப் பிறகு அவன் பேட்டரியைக் கழற்றிப் பட்டறையிலேயே கரண்டில் சார்ஜ் போட்டுக்கொண்டான். வண்டி ஓடியது. அவள் அதே வீட்டில் இருந்தாள், சமைத்தாள், கம்பெனிக்கு நடந்தே போனாள். அவனுக்கோ அவள் ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்றிருந்தது. சில நாள் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை வேண்டுமென்றே கட்டிலில் எறிவான். கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்ப்பான். அவள் துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.