முகிலன் மட்டும் வாங்கவில்லை

1999 டிசம்பர். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும், குழாயில் தண்ணீர்கூட வராது என்று பேச்சு. அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் தமிழர்கள் எல்லோரும் கேன் கேனாகத் தண்ணீர் வாங்கி அடுக்கினோம். முகிலன் மட்டும் வாங்கவில்லை. அந்தக் கோளாறைச் சரிசெய்வதே அவன் வேலை.

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றான்.

எனக்கு அங்கேதான் இடித்தது. எதையோ மறைக்கிறான். இல்லாவிட்டால் இவ்வளவு நிம்மதியாக எவன் இருப்பான்? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் எல்லோரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

கடைசி வாரம் கடையில் கையும் களவுமாகப் பிடித்தேன். வண்டி நிறையத் தண்ணீர்.

"என்ன முகிலன், ஒண்ணும் ஆகாதுன்னீங்க?"

"ஆகாதுங்க. நீங்கள்லாம் பாக்கற பார்வைதான் தாங்கல."

பார்வையாம், பார்வை. அவனே வாங்குகிறான் என்றால் விஷயம் பெரிதுதான். இன்னும் ஆறு கேன் எடுத்துக்கொண்டேன்.