தாமரை பார்டரும் சத்யப்ரியாவின் டேப்லெட்டும்

பார்டர் போடாமல் ஒரு காகிதத்தைக்கூடத் தன் டைப்பிங் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை தேவநாதன். மரக்காணத்தில் அவன் அடித்துக் கொடுத்தால் இரங்கல் நோட்டீஸிலும் மூலைக்கொரு தாமரை பூத்திருக்கும். கேட்டால், "கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டுமேங்க" என்பான்.

உப்பளத் தொழிலாளர் சங்க ஆண்டு விழாவுக்கான தொகுப்புரையையும் அப்படியே ஜோடித்து, படமாக்கி, சத்யப்ரியாவின் டேப்லெட்டுக்கு அனுப்பிவைத்தான். விழாவைத் தொகுத்து வழங்கப்போவது அவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள்; டேப்லெட் வாசித்துச் சொல்ல, காதால் கேட்டுத்தான் படிப்பாள். அவளால் முடியாது என்றால் மைக், சங்கத்து முருகையனுக்குப் போகும். முருகையன் மைக் பிடித்தால் பிள்ளைகள் தூங்கி எழுந்து மறுபடி தூங்கும்.

விழாவுக்கு முதல்நாள் மாலை அவள் கடைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா அனுப்பியிருக்கீங்க? 'படம்'னு மட்டும் சொல்லிட்டு கம்முனு இருக்குது."

"அவ்ளோதானே? பிடிஎஃப்பா தர்றேன்மா."

தந்தான். டேப்லெட் இங்கிலீஷ் எழுத்துகளாக இருமித் தள்ளியது.

"பழைய ஃபான்ட்ல அடிச்சிருக்கீங்க. பார்க்கத்தான் தமிழு, உள்ள பூரா இங்கிலீஷ் எழுத்து."

இத்தனை காலம் இங்கிலீஷிலா கல்யாணப் பத்திரிகை அடித்தோம் என்று தேவநாதனுக்கு லேசாகத் தலை சுற்றியது.

"யூனிகோட்ல அடிச்சி, வேர்டு ஃபைலா குடுங்கண்ணா. ஃபோன்ல மெசேஜ் போடறீங்களே, அந்தத் தமிழ்தான்."

உப்புக் காற்றில் துருவேறிய கீபோர்டில், பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடித்தான்.

"தலைப்பெல்லாம் செவப்புல, பெருசா போட்டுட்டேம்மா!"

"செவப்பு யாருக்குண்ணா?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள்.

"பெருசாக்கினா பத்தாது. ஸ்டைல்ஸ்ல போயி 'ஹெட்டிங்'னு குடுங்க. அப்பதான் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். நம்மூரு விழால யாரு எப்ப வருவாங்கன்னு கண்டோம்?"

கொடுத்தான். அவள் விரல் தள்ளத் தள்ள வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று டேப்லெட் வரப்பு தாண்டும் ஆடுபோல் தாவியது.

"ஓரமா சின்னதா ஒரு பார்டரு..."

"அண்ணா!"

மறுநாள், உப்புக் குவியல்களுக்கு எதிரே போட்ட பந்தலில், ஒரு காதில் இயர்போனும் கையில் மைக்குமாக சத்யப்ரியா நின்றாள். சிறப்பு விருந்தினர் வரமாட்டார் என்று முடிவுகட்டிப் பரிசளிப்பைத் தொடங்கிய நேரம் பார்த்து அவருடைய கார் வந்து நின்றது. கூட்டம் எழுந்தது. பரிசு வாங்க வந்த பெண் மேடையிலேயே திகைத்து நின்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ குடும்மா" என்று கையை நீட்டிக்கொண்டே முருகையன் படியேறினார். கடைசி வரிசையில் தேவநாதன் தான் போட்ட ஹெட்டிங்குகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு ஹெட்டிங்கை விட்டிருந்தால்?

சத்யப்ரியாவின் விரல் டேப்லெட்டில் விறுவிறுவென்று மேலே போய் 'சிறப்பு விருந்தினர்' தலைப்பில் நின்றது.

"பெருமுக்கலிலிருந்து நம்மை வாழ்த்த வந்திருக்கும் அசோகன் ஐயா அவர்களை, எழுந்து நின்று கைதட்டி வரவேற்போம்!"

பந்தல் அதிர்ந்தது. நீட்டிய கையைச் சும்மா மடக்க மனமில்லாமல், பக்கத்தில் இருந்த சால்வையை எடுத்து அசோகனுக்குப் போர்த்திவிட்டு இறங்கினார் முருகையன்.