பாதங்கள்: இயல்பு

புதன்கிழமை காலை எட்டு மணிக் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் சட்டம். ஒரு நோயாளியின் கதையை எடுத்துக்கொண்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று பேசுவோம். 'பணியில் இருந்த மருத்துவர்', 'வார்டு செவிலியர்' என்றுதான் சொல்வோம். பேச்சு என்னவோ நாகரிகம்தான். ஆனால் சொல் விழுந்ததும் முப்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பும்.

அன்றைக்குக் கதை சொல்ல வேண்டியவன் நான். மேற்படிப்பில் இரண்டாம் வருடம். நோயாளி ஒரு காவலாளி, ஐம்பத்தெட்டு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. இருமல், காய்ச்சல் என்று வந்தவருக்கு நெஞ்சுச் சளி என்று மூன்று நாள் மருந்து கொடுத்தோம். காய்ச்சல் இறங்கவே இல்லை. நான்காம் நாள் உடம்பு துடைத்துவிட வந்த வார்டு செவிலியர் அக்கா, வலது கால் சாக்ஸைக் கழற்றினார். கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. அன்று மாலையே விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

சேர்ந்த அன்று அவரைப் பரிசோதித்தவன் நான்தான். கணினியில் சேர்க்கைத் தாளை நிரப்பும்போது எங்களில் பாதிப் பேர் முந்தைய நோயாளியின் தாளை அப்படியே எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவோம். 'பாதங்கள்: இயல்பு' என்ற வரி எந்தப் புண்ணியவானின் பாதங்களிலிருந்து வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். அதை நான் மாற்றவில்லை. சாக்ஸைக் கழற்றவும் இல்லை.

திரையில் அந்த வரியைப் போட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு எங்கள் எல்லோருக்கும் தலைமை மாணவராக யாரைப் போடுவது என்று பேராசிரியர் முடிவு செய்யும் வாரம் அது. என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் சாக்ஸுக்குள் மறைத்தேன்.

முன்வரிசையில் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "அப்ப, சேர்க்கும்போது கால் நல்லா இருந்திருக்கு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு சார்."

பொய் சொல்லாமல் பொய் சொல்வதில் நான் அன்றே முதல் வகுப்பில் தேறிவிட்டேன்.

"மூணு நாள்ல விரல் கறுத்துடுச்சுன்னா வார்டுலதான் என்னவோ நடந்திருக்கணும். எங்கயாவது இடிச்சுதா, அழுத்துச்சா? வார்டு செவிலியர் என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

முப்பது தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. விரலைக் கண்டுபிடித்த அதே அக்கா அங்கே எழுந்து நின்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான் பாக்கும்போதே அது பழைய புண்ணு சார்."

"தாள்ல வேற மாதிரி இருக்கேம்மா. எழுத்துல ஒரு விளக்கம் கொடுத்துடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்பவாவது சொல்லுவான் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கடைசியில், சம்மதித்தால், நோயாளியையே அழைத்து வருவோம். காவலாளி சக்கர நாற்காலியில் வந்தார். வலது காலில் கட்டு, இடது காலில் சாம்பல் நிறச் சாக்ஸ். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான் தேள் கொட்டிய திருடனாக நின்றேன்.

"ஐயா, நீங்க சேர்ந்த அன்னைக்கு டாக்டர் உங்க காலைப் பாத்தாரா?" என்று பேராசிரியர் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் நின்று முகம் பார்த்தே ஆளை எடை போட்டுப் பழகியவர்.

"பாத்தாரு சார். சாக்ஸைக் கழட்டி நல்லாவே பாத்தாரு. தங்கமான தம்பி."

விரலைப் பறிகொடுத்தவர் எனக்காகப் பொய் சொல்கிறார். காது மடல் வரை எரிந்தது. அப்படியொரு வெட்கத்தை நான் அதுவரை பட்டதில்லை.

"இல்ல சார்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இல்ல சார். நான் பாக்கல. அந்த வரி வேற ஒருத்தரோட தாள்ல இருந்து வந்தது. அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல."

காவலாளி பதறினார். "அவரைத் திட்டாதீங்க சார். கழட்டத்தான் வந்தாரு, நான்தான் வேணாம்னுட்டேன். நாளெல்லாம் பூட்ஸுக்குள்ள வெந்த காலு. நாறும் தம்பி, விட்டுடுங்கன்னேன்."

அது பொய்யில்லை. அவர் சொன்னார், நானும் விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அந்த நாற்றத்திலிருந்து தப்பித்தோம் என்று உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். அதை அந்த அறையிலும் நான் சொல்லவில்லை.

பேராசிரியர் திட்டவில்லை. அக்காவை உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம், "விளக்கத்தை நீ எழுது. அதுக்கு முன்னாடி, அவருக்கு இன்னொரு கால் இருக்கு. பாரு," என்றார்.

தரையில் மண்டியிட்டேன். சாக்ஸின் விளிம்பில் கை வைத்ததும் காவலாளி காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். பிறகு அவரே நீட்டினார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சும்மா கழட்டுங்க தம்பி. இன்னைக்கு நாறாது. காலையிலயே துவைச்சுப் போட்டுட்டேன்."

சாக்ஸ் இன்னும் காயவில்லை.